மிஷின் ரம்பமும் இரண்டாவது ஆளும்

முன்பெல்லாம் கிராமத்தில் மரம் அறுக்க வேண்டுமென்றால் இருவர் வருவார்கள். நீண்ட ரம்பத்தின் இரு முனையிலும் கைப்பிடி இருக்கும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பலகை அறுக்கக் குழி வெட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று அறுத்தார்கள். ஓர் ஆள் வராவிட்டால் அன்றைக்கு அறுப்பு இல்லை. இப்போது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் வந்துவிட்டது. செயின் சா என்றும், மிஷின் ரம்பம் என்றும் இதனைச் சொல்கிறார்கள். இருவர் நாள் முழுவதும் அறுத்ததை ஒருவரே மதியத்திற்குள் முடித்து விடுகிறார். சிறு விவசாயிகளுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால், ரம்பத்தின் மறுமுனையில் இருந்த அந்த இரண்டாவது ஆள் இழுப்பதற்கு மட்டும் நிற்கவில்லை. மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் பார்த்தார். மேலே முறிந்து தொங்கும் கிளையைக் கண்டு குரல் கொடுத்தார். கையிலோ காலிலோ பட்டுவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடினார். மிஷின் வந்ததும் அவருடைய இழுப்பு வேலை போயிற்று. மற்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் செய்யத்தான் இப்போது ஆள் இல்லை.

இந்த மிஷினும் தொடக்கத்தில் இருவர் கருவியாகவே இருந்தது. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் வெளிவந்த பெட்ரோல் சங்கிலி ரம்பங்களை இருவர் சேர்ந்து தூக்கி இயக்க வேண்டியிருந்தது. ஒருவரே கையாளக்கூடிய ரம்பங்கள் 1950ஆம் ஆண்டையொட்டித்தான் வந்தன. குறைந்தது மிஷினின் எடைதான். அதனால் நேரும் அபாயம் குறையவில்லை.

டெல்டா மாவட்டங்களில் இந்த ரம்பம் பரவலாக நுழைந்தது 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பிறகு எனலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. அதற்கு முன் 2011ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வீழ்த்தியது. தோப்பைச் சுத்தம் செய்தாலொழிய மறு நடவு செய்ய முடியாது என்ற நிலையில், கோடரியை நம்பி உட்கார்ந்திருக்க முடியவில்லை. அன்று வாடகைக்கு வந்த மிஷின் இன்று பல விவசாயிகளின் வீட்டுத் திண்ணையில் சொந்தமாகவே இருக்கிறது. சவுக்கு வெட்டவும், சீமைக் கருவேலை அகற்றவும், வரப்போரத்து வேம்பைக் கழிக்கவும், விறகு துண்டு போடவும் அது பயன்படுகிறது.

வந்த சிக்கல் இதுதான். வேலை சிறியது என்று தோன்றும்போது விவசாயி தனியாகப் போகிறார். "ரெண்டு துண்டு போடத்தானே, இதுக்கு ஒரு ஆளா?" என்பது சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்து போகிறார். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம். எந்தத் தோப்பு, எப்போது திரும்புவார் என்பது வீட்டாருக்குத் தெரியாது. இது துணிவு ஆகாது, வெறும் பழக்கம். இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

உதைப்பு எப்படி நேருகிறது?

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைப் பார் என்று சொல்வார்கள். முழு வேகத்தில் சங்கிலியின் பற்கள் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. பாரின் நுனியில், மேல் பக்கத்து வளைவு ஒரு கிளையிலோ, மறைந்திருக்கும் கட்டையிலோ, கம்பியிலோ பட்டுவிட்டால் பற்கள் மரத்தை அறுக்காமல் பற்றிக்கொள்கின்றன. சங்கிலியின் வேகம் அப்படியே திரும்பி, பார் மேல்நோக்கி எகிறி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் தோளையும் நோக்கி வருகிறது. மிஷின் உதைக்கிறது என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உதைத்த பிறகு சமாளிக்கலாம் என்பது நடவாத காரியம். உதைக்காமல் பார்த்துக்கொள்வதும், உதைத்தாலும் உடம்பில் படாத நிலையில் நிற்பதுமே வழி.

அதனால்தான் இடது கைப் பெருவிரல் முன் கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்தால் பிடி நழுவும். உடம்பு பாரின் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று இடப்புறம் விலகி இருக்க வேண்டும். தோள் உயரத்திற்கு மேல் மிஷினைத் தூக்கி அறுத்தல் கூடாது. முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள தட்டு, கை தவறினால் காக்கும் வெறும் தடுப்பு அன்று. உதைப்பில் அது முன்னே தள்ளப்பட்டதும் செயின் பிரேக் விழுந்து சங்கிலி நின்றுவிடும். சிலர் இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் போடுகிறார்கள். தட்டு இல்லாத மிஷினையும், பிரேக் வேலை செய்யாத மிஷினையும் இரவலாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

மழுங்கிய சங்கிலி இன்னொரு காரணம். தென்னை அடிமரத்தின் இடுக்குகளில் மணல் ஒட்டியிருக்கும். சாய்ந்து கிடந்த மரமென்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு முறை பார் மண்ணைத் தொட்டால் பல் போய்விடும். கூரான சங்கிலி மரத்தைத் துருவல் துருவலாகத் தள்ளும். மாவு போல் தூள் விழுந்தால் அராவ வேண்டும் என்று பொருள். அராவாமல் அழுத்தி அறுப்பவர் சீக்கிரம் களைத்துப் போவார். களைத்த கையில்தான் மிஷின் வழுக்குகிறது.

காயங்களில் பெரும்பங்கு கால்களிலும் இடது கையிலும் ஏற்படுகிறது. தொடையின் உட்புறம் ஓடும் பெரிய ரத்தக் குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. ரோட்டிலிருந்து தோப்புக்கு நடக்கும் நேரமே அதைவிட அதிகம். தனியாகப் போகக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், முதல் ஐந்து நிமிடத்தில் ரத்தத்தை நிறுத்த ஒரு கை வேண்டும். அடிபட்டவரின் கை அதற்குப் போதாமல் போகலாம். அடிபட்டதே அந்தக் கையாகவும் இருக்கலாம்.

எந்த வேலைக்குத் தனியாகப் போகவே கூடாது?

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது முதலாவது. சாயும் பக்கத்தில் மரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்திற்கு வாய் வெட்டி, எதிர்ப்புறத்தில் வாயின் மட்டத்திற்குச் சற்று மேலாக அறுத்து வர வேண்டும். முழுவதும் அறுத்துவிடாமல், குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரத்தைக் கீல் போல் நடுவில் விட வேண்டும். அந்தக் கீல்தான் மரம் விழும் திசையை நடத்திச் செல்கிறது. இதிலும் தென்னைக்குத் தனிக் குணம் உண்டு. வேம்பு, புளி போல் அதற்கு நடுவில் வைரம் கிடையாது. ஓரம் கெட்டியாகவும் நடு மிருதுவாகவும் இருக்கும். எனவே கீலை மட்டும் நம்பாமல், உயரே கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். விழும் திசைக்கு எதிராகச் சாய்வாகப் பின்வாங்கும் வழியை அறுப்பதற்கு முன்பே புதர் நீக்கி வைக்க வேண்டும். மரம் அசையத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த வழியில் நடந்துவிட வேண்டும். நேர்ப் பின்னால் நிற்பவரை அடிமரம் எகிறித் தாக்குவது உண்டு.

சவுக்குத் தோப்பில் வேறொரு தொல்லை. நெருக்கமாக நட்டிருப்பதால் அறுத்த மரம் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்றுவிடும். அப்படித் தொங்கும் மரத்தின் கீழே போய் அடியில் மேலும் ஒரு துண்டு எடுப்பது, அல்லது தாங்கி நிற்கும் மரத்தையே அறுப்பது, இவ்விரண்டும் தற்கொலைக்குச் சமம். கயிறு போட்டு இழுக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த இடத்தில் கொடி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, மறுநாள் ஆளோடு வர வேண்டும். மரம் ஒரு நாள் காத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

புயலில் சாய்ந்த மரம் படுத்துத்தானே இருக்கிறது என்று நினைப்பது பெரிய தவறு. வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், பாரம் நீங்கிய வேர்த்தூர் சட்டென்று குழிக்குள் திரும்பி எழுந்து நிற்கும். அதன் பின்புறத்துப் பள்ளத்தில் யாராவது நின்றிருந்தால் பிழைப்பது அரிது. வளைந்து அழுத்தப்பட்டுக் கிடக்கும் கிளைகள் வில்லைப் போன்றவை. சீமைக் கருவேல் புதர்களில் இத்தகைய கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். எந்தக் கிளை எதைத் தாங்குகிறது என்பது அறுத்த பிறகுதான் தெரியும். கிளைகள் முறுக்கேறியுள்ள இடத்தை எட்ட நின்று பார்த்துச் சொல்லவும் இரண்டாவது கண் தேவைப்படுகிறது. சாய்ந்த மரம் மின்கம்பியைத் தொட்டிருந்தால், மின் வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை யாரும் கிட்டே போகக்கூடாது. இதற்குத் துணை ஆள் இருந்தாலும் விதிவிலக்கில்லை.

மரத்தின் மேலேறியோ, ஏணியில் நின்றோ மிஷினை ஓட்டுவது விவசாயி செய்யும் வேலையே அல்ல. உயரக் கிளைகளைக் கழிக்க, பாதுகாப்புக் கயிறு கட்டிப் பழகிய தொழிலாளர்களையே அழைக்க வேண்டும்.

துணைக்கு யார்?

ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்பது விவசாயிகளின் பதில். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இந்தத் துணைக்குப் பலசாலியான ஆள் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிஷினைத் தூக்கத் தெரியவேண்டியதில்லை. எட்ட நின்று பார்க்கவும், எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் எது என்று அறியவும், காயத்தை அழுத்திப் பிடிக்கவும், போன் செய்யவும், ரோட்டுக்கு ஓடி வண்டிக்கு வழி காட்டவும் தெரிந்தால் போதும். வீட்டுப் பெண்கள் இதை நன்றாகவே செய்வார்கள். பல இடங்களில் கிளை பொறுக்க அவர்கள் கூடவே வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் குறை. பள்ளிப் பிள்ளைகளை மட்டும் இந்த வேலைக்கு நிறுத்தக்கூடாது.

அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவர் ஒருவருக்கொருவர் மாற்றாளாக நின்றால் கூலியே இல்லை. நடவுக்கும் அறுவடைக்கும் ஊரில் இருந்த வழக்கம்தானே இது. இன்று இவருடைய தோப்பில் காலை இரண்டு மணி நேரம், நாளை அவருடைய தோப்பில் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மிஷின் வேலை தானாகவே காலைக் குளிர்ச்சியில் முடியும். வெயில் ஏறிய பிறகு களைப்போடு அறுக்கும் தொல்லையும் இல்லை.

துணை ஆள் நிற்கும் இடம் முக்கியம். மரம் சாய்க்கும்போது மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். துண்டு போடும்போதும் மிஷின் எட்டாத தூரத்தில், ஓட்டுபவரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். மிஷினின் இரைச்சலிலும், காதடைப்பானாலும் குரல் கேட்காது. ஆகவே கை அசைவுக்கு முன்கூட்டியே பொருள் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரு கையும் மேலே தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்ற ஒன்றாவது வேண்டும். பின்னாலிருந்து வந்து தோளைத் தொடுவது மிகவும் அபாயகரமானது. திடுக்கிட்டுத் திரும்புபவர் கையில் ஓடும் மிஷின் இருக்கிறது.

அடிபட்டுவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். ரத்தம் நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும். காப்பித் தூள், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதையும் காயத்தில் போடலாகாது. கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்திற்கு மூன்று விரற்கடை மேலே, மூட்டின் மீது படாமல், இரண்டு விரல் அகலமாவது உள்ள துணிப்பட்டையைச் சுற்றி முடிந்து, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். மெல்லிய கயிறும் கம்பியும் உதவாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை கட்டைத் தளர்த்திவிட வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர் அவிழ்க்கும் வரை அப்படியே இருக்கட்டும். காயம் சிறியதானாலும் மரத்தூளும் எண்ணெயும் மண்ணும் உள்ளே போயிருக்கும். டெட்டனஸ் ஊசி அவசியம்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இலவசமாக ஓடுகிறது. ஆனால் தோப்புக்குத் தெருப்பெயர் கிடையாது. எந்த ஊர்ச் சாலை, எந்த மதகு, எந்தக் கோவில் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் துணை ஆள் வேலை தொடங்குமுன்பே மனத்தில் வைத்திருக்க வேண்டும். போனில் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பதற்றத்தில் இவை நினைவுக்கு வருவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் தனியாகப் போக நேர்கிறவர்கள் இருப்பார்கள். பிரிட்டனில் தொழில் பாதுகாப்புத் துறையே, இயன்ற வரை தனியாக இயக்கக்கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் ஆபத்தைத் தெரிவிக்க ஏற்பாடு வேண்டும் என்றுதான் கூறுகிறது. அத்தகையோர், சமதரையில் அசையாமல் கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதிலும் இரு முனையும் தாங்கலில் இருந்து நடுப்பகுதி தொங்கும் கட்டையானால், மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை தாங்கலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முறை நேர்மாறு. இல்லையேல் பார் நடுவில் கவ்விக்கொள்ளும். இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் தேடி வர ஒருவர் இருக்க வேண்டும். போன் டூல்ஸ் பையில் இருந்து பயனில்லை, எந்தக் கையாலும் எடுக்கும்படி சட்டைப் பையில் இருக்க வேண்டும். சிறு கிளைகளுக்கு அரிவாளும் கைரம்பமும் போதும். அவற்றை மறந்துவிட்டது மிஷின் வந்ததன் ஒரு கெடுதல்.

உடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேட்டியும் லுங்கியும் தோள்துண்டும் சங்கிலிக்கு இரை. துண்டு பையில் இருக்கட்டும், காயத்தைக் கட்ட அது வேண்டியிருக்கும். சங்கிலி ரம்பத்திற்கென்றே தைத்த காலுடை இருக்கிறது. அதன் உள்ளே உள்ள நீண்ட இழைகளைச் சங்கிலி இழுத்து, பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். வெயிலில் புழுங்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் காலையில் அறுக்க வேண்டும் என்பது. கண்ணுக்கும் காதுக்கும் தடுப்புள்ள தலைக்கவசமும், கெட்டிக் காலணியும் இதனோடு சேர வேண்டும்.

அண்மைக் காலத்தில் பாட்டரியில் ஓடும் சிறு ரம்பங்கள் மலிவு விலையில் வருகின்றன. விளம்பரத்தில் ஒரு கையால் பிடித்துக் கிளை வெட்டிக் காட்டுகிறார்கள். மற்றக் கை கிளையைப் பிடித்திருக்கும் என்பதால் சங்கிலி அந்தக் கையை நோக்கியே ஓடுகிறது. பலவற்றில் செயின் பிரேக்கும் இல்லை. இவற்றைவிட மோசமானது, கிரைண்டரில் மாட்டிச் சங்கிலி ஓட்டும் இணைப்பு. கிரைண்டரின் வேகம் மரச் சங்கிலிக்கு ஏற்றதன்று. சங்கிலி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். விலையைப் பார்த்து வாங்கியவர்கள் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவதே உத்தமம்.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடையில் மிஷின் வாங்கும்போது பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும், கயிற்றை எப்படி இழுக்க வேண்டும் என்று பத்து நிமிடம் காட்டுவதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. காலுடையும் தலைக்கவசமும் கடையில் இருப்பில்கூட இருப்பதில்லை. மிஷினோடு அவற்றையும் சேர்த்தே விற்க வேண்டும். வாடகைக்கு விடுபவர்களும் அப்படியே கொடுக்க வேண்டும். தனித்தனியாக வாங்க முடியாத ஊரில், கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ இரண்டு செட் வாங்கி வைத்து முறை போட்டுக் கொடுக்கலாம்.

பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. சங்கிலி ரம்பத்திற்கு ஒரு நாள் பயிற்சி வைப்பது இவற்றுக்குக் கடினமானதன்று. அப்படி வைக்கும்போது மிஷின் வைத்திருப்பவரை மட்டும் அழைக்காமல், அவருக்குத் துணை நிற்கப் போகிறவரையும் சேர்த்து இருவராக வரச் சொல்ல வேண்டும். காலையில் ஒருவருக்கு அறுப்பு முறையையும், அதே நேரத்தில் மற்றவருக்குக் கட்டுப் போடுவதையும் கற்பித்து, மாலையில் ஒரு சாய்ந்த மரத்தின் முன்னே இருவரையும் சேர்த்து நிறுத்திப் பழக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசி மாதத்திலேயே இதை முடித்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்து மரம் சாயும் நாளில் அவர்கள் தயாராக இருப்பார்கள்.